என் காதுக்கு அளவெடுத்த இயர்போன்

இயர்போன் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் சத்தத்தைத்தான் பார்க்கிறார்கள். அது தவறு. முதலில் பார்க்க வேண்டியது அது காதுக்குள் எப்படி உட்காருகிறது என்பது. சரியாக உட்காராத இயர்போனில் எவ்வளவு நல்ல பாட்டும் தகர டப்பாவுக்குள் கொசு கத்துகிற மாதிரிதான் இருக்கும். காதின் துளை ஆளுக்கு ஆள் வேறு. ஒரே ஆளுக்கே வலது காதும் இடது காதும் ஒத்துப்போவதில்லை.

போடியில் மைக்செட் வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கும் என்னிடம் வந்து யோசனை கேட்பதுண்டு. கேள்வியைச் சிலேட்டில் எழுதிக் காட்டுவார்கள், நான் வாயால் பதில் சொல்வேன். வெளிச்சத்தம் உள்ளே வரக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். உள்சத்தம் வெளியே கசியக்கூடாது என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. அடுத்த பாட்டை மைக்செட்காரன் தனக்கு மட்டும் ஓடவிட்டுப் பார்க்கும்போது, தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறவனுக்கும் அது தெரியக்கூடாது. அப்படி ஓர் இயர்போன் கடையில் கிடைக்காது. எனக்கு என் தம்பி அழகுமலை செய்து கொடுத்தான்.

அழகுமலை இப்போது இல்லை. கரண்டு அடித்துச் செத்தான், விபத்து என்று ஊரில் சொல்கிறார்கள். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இயர்போனைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

என் பெயர் கன்னையன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அழகுமலை அப்போது என் இடுப்பு உயரம் இருந்தான். அவனை வளர்க்க வேண்டும் என்பதால் நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எங்களுக்கு இருந்த கடலைக்காட்டை விற்று ஒரு மைக்செட் வாங்கினேன். பேட்டரியில் ஓடும் ஆம்ப்ளிபயர், இசைத்தட்டுப் பெட்டி, இரண்டு கூம்பு ஸ்பீக்கர், ஒரு மைக். கூம்பின் வாயைச் சுற்றி 'கன்னையன் ரேடியோ செட், போடி' என்று சிவப்பில் எழுதி வாங்கினேன்.

செட்டுக்குப் பின்னால் உட்காரும் இடம் எப்படிப்பட்டது என்று உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைக்கூட மாமனார் வீட்டார் மட்டும்தான் பார்ப்பார்கள். மைக்செட்காரனை எல்லோரும் பார்ப்பார்கள். தாய்மாமன் வந்துவிட்டார் என்று சொல்ல வேண்டுமா, காணாமல்போன பிள்ளையைத் தேட வேண்டுமா, பந்திக்கு ஆளைக் கூப்பிட வேண்டுமா, என்னிடம்தான் வர வேண்டும். வருகிறவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் குனிந்து என் காதில்தான் பேச வேண்டும். பாட்டுச் சத்தத்தில் வேறு வழியில்லை. ஏலக்காய் முதலாளிகள் குனிந்திருக்கிறார்கள். பஞ்சாயத்துத் தலைவர் குனிந்திருக்கிறார். அந்த இடம் தவிர எனக்கு வேறு எதுவும் இருந்ததில்லை. அதைக் கடைசிவரை நான் விடமாட்டேன் என்று இருந்தேன். இதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் மற்றது தானாகப் புரியும்.

கூம்புக்கு அடியிலேயே வருடக்கணக்கில் உட்கார்ந்தால் காது போகும். முதலில் சிட்டுக்குருவிச் சத்தம் போனது. பிறகு பெண்கள் பேசுவது கரைந்துகொண்டே போனது. எழுபத்தெட்டு எழுபத்தொன்பது வாக்கில், குனிந்து பேசுகிறவர்களின் மூச்சுச்சூடு மட்டும் என் காதில் பட்டது. சொல் வரவில்லை. நான் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகினேன். புரியாதபோது கண்ணை மூடித் தலையாட்டினேன். மைக்செட்காரன் கொஞ்சம் கர்வி என்று எல்லோருக்கும் ஓர் எண்ணம் உண்டு. அது எனக்கு உதவியாக இருந்தது.

பொட்டிபுரத்தில் ஒரு காதுகுத்து. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பந்தியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பாட்டு நன்றாக இருக்கிறது என்று சிரிக்கிறார்கள் என்று நினைத்து நானும் சிரித்தேன். ஊசி ஒரே கோட்டில் மாட்டிக்கொண்டு, பாட்டின் அரை வரி திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. "ஏப்பா, பாடுற அம்மாவுக்கு விக்கலு எடுத்துருச்சு போல. வெரசா ஒரு செம்புத் தண்ணி கொண்டாங்கப்பா" என்று எவனோ கத்தினானாம். அழகுமலை சமையல் கொட்டகையிலிருந்து ஓடிவந்து, தட்டில் தூசி துடைப்பவன்போலத் துண்டால் துடைத்து ஊசியை நகர்த்தினான். என் முகத்தைப் பார்த்தான்.

மறுநாள் நாங்கள் செட்டு வைத்திருந்த கடையில் எனக்குப் பின்னால் நின்று என்னைக் கூப்பிட்டிருக்கிறான். நான் திரும்பவில்லை. முன்னால் வந்து உட்கார்ந்து, நான் உதட்டைப் பார்க்கும்படி மெதுவாகக் கேட்டான்.

"எம்புட்டு நாளாண்ணே இப்பிடி?"

"எது எம்புட்டு நாளா?"

"சரி விடுங்க. நான் ஒண்ணும் கேக்கல."

அன்றிலிருந்து அவனுக்கு அதே வேலை. எனக்கு ஏற்ற ஓர் இயர்போன் கண்டுபிடிக்க வேண்டும். யாருக்கும் தெரியாமல் நான் கேட்க வேண்டும், கேட்பதையும் யாரும் கண்டுபிடிக்கக்கூடாது.

முதலில் மதுரைக்குப் போய்ப் பழைய சாமான் கடையில் டெலிபோன் ஆபீசில் பெண்கள் மாட்டுகிற மாதிரி இரும்புப் பட்டை வைத்த ஒன்றை வாங்கிவந்தான். சத்தம் மோசமில்லை. ஆனால் மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததும் அவன் பெண்சாதி சுருளியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "என்ன மாமா, ஏரோப்பிளேன் ஓட்டப் போறீகளா? எங்களையும் ஏத்திக்கிட்டுப் போங்க" என்றாளாம். அழகுமலைதான் எனக்கு எடுத்துச் சொன்னான். அது தலையை இறுக்கும், வெயிலில் கொதிக்கும், தவிர எல்லோர் கண்ணிலும் படும். வேண்டாம் என்று வைத்துவிட்டோம்.

அடுத்தது ராஜாராம் என்ற ஏலக்காய் வியாபாரி வீட்டுப் பையனுக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்தது. இடுப்பில் சொருகிக்கொள்ளும் கேசட் பெட்டியும் இரண்டு காதுக்கும் பஞ்சு வைத்த வட்டமும். இரவல் வாங்கிவந்தான். நடந்துகொண்டே பாட்டுக் கேட்க அதைவிட லேசான பொருள் கிடையாது. ஆனால் பஞ்சு காதுக்கு மேலே உட்காருகிறதே தவிர உள்ளே போவதில்லை. வெளியே இருக்கிற கூம்புச் சத்தம் அத்தனையும் உள்ளே வந்துவிடும். உள்ளே இருப்பதும் வெளியே போகும். நான் கூடத்தில் உட்கார்ந்து கேட்ட பாட்டைச் சுருளியம்மாள் அடுப்படியிலிருந்து கூடவே பாடினாளாம்.

கடைசியில் டிரான்சிஸ்டர் ரேடியோவோடு வருகிற ஒற்றைக் குமிழுக்கு வந்து சேர்ந்தோம். அது காதுக்குள்ளேயே போகிறது. ஆனால் எல்லார் காதுக்கும் ஒரே அளவில் செய்தது, ஆடிக்கொண்டே இருந்தது. அழகுமலை குரங்கணியில் தேன் எடுக்கிறவர்களிடம் கொஞ்சம் மெழுகு வாங்கிவந்தான். இளஞ்சூட்டில் உருக்கி, என்னைச் சுவர்ப்பக்கம் சாய்த்து உட்காரவைத்து, வலது காதுக்குள் அழுத்தினான். அவன் கைகள் அப்படி மெதுவாக இருக்கும். என் கண்ணுக்கு முன்னால் வந்து, "அசையாதீங்கண்ணே. கொட்டாவி விட்டீங்கன்னா அளவு மாறிரும்" என்றான். மெழுகு இறுகியதும் எடுத்து, நடுவில் ஊசியால் துளை போட்டு, குமிழை அதில் பொருத்தி, மேலே சைக்கிள் டியூப் ரப்பரை மெல்லிசாகச் சுற்றினான். அது என் காதுக்கு மட்டும்தான் பொருந்தும். வேறு யார் வைத்தாலும் கீழே விழும்.

கொட்டகுடி ஆற்றங்கரைக்குப் போய்ச் சோதனை பார்த்தோம். தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. நான் இந்தக் கரையில் பேட்டரியோடு, அவன் நீள வயரில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பாறைமேல் அந்தப் பக்கம். ஆம்ப்ளிபயரை முழுசாகத் திருகியதும் என் காதுக்குள் ஒரு குரல் வந்தது.

"அண்ணே, கேக்குதா? கேட்டா வலது கையத் தூக்குங்க."

நான் தூக்கினேன்.

"இப்ப நான் சும்மா முணுமுணுக்கத்தான் செய்றேன். இதுவும் விழுகுதா?"

தூக்கினேன்.

"ஒங்க சட்டையில ரெண்டாவது பித்தான் அந்துருச்சு. வீட்டுக்குப் போனதும் சுருளிட்ட குடுங்க."

சிரித்துக்கொண்டே தூக்கினேன். ஒரு மனிதக் குரலை முழுசாகக் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. உலகத்தில் வேறு எந்தச் சத்தமும் எனக்கு இல்லை, அவன் குரல் ஒன்றுதான். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் வேலைமுறை அப்படித்தான் உருவானது. ஆம்ப்ளிபயரில் மைக்குக்கென்று அவன் ஒரு சாவி வைத்தான். இந்தப் பக்கம் திருப்பினால் கூம்பு பேசும், அந்தப் பக்கம் திருப்பினால் என் காது மட்டும் கேட்கும். இரண்டாவதாக ஓர் இசைத்தட்டுப் பெட்டியும் சேர்த்தான். அதற்கென்று இன்னொரு சாவி வைத்து அதன் சத்தத்தையும் என் காதுக்குக் கொண்டுவந்தான். ஒன்று ஓடும்போதே மற்றதில் அடுத்த பாட்டின் தொடக்கத்தைச் சரியாகப் பிடித்துவைத்துக்கொள்வேன். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கரகரச் சத்தமோ வெறுமையோ கிடையாது. அந்தக் காலத்தில் போடியில் வேறு எந்தச் செட்டிலும் அது இல்லை.

மரத்திலோ கம்பத்திலோ ஏறி கூம்பு கட்டும்போதும் லைட் வயர் இழுக்கும்போதும் அழகுமலை அந்த நீள வயர் மைக்கைத் துண்டில் முடிந்து கழுத்தில் மாட்டிக்கொள்வான். மேலேயிருந்து மைக்கில் மெதுவாகச் சொல்வான். நான் கேட்டதற்கு அடையாளமாக வலது கையைத் தூக்குவேன். கை தூக்குவதைப் பார்க்காமல் அவன் எந்த வயரையும் தொடமாட்டான். மற்ற செட்டுக்காரர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். இவன் கத்தமாட்டான். கத்தினால் நான் திரும்பிப் பார்க்கமாட்டேன், ஊருக்கு என் விஷயம் தெரிந்துபோகும். சுருளியம்மாளிடம்கூட அவன் சொல்லவில்லை. "அண்ணே, ஒங்க மதிப்பு கொறஞ்சிரும்" என்றான்.

வீட்டில் நான் அதே இயர்போனை டிரான்சிஸ்டரில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பெரும்பாலும் ரேடியோ ஓடாது. காதில் குமிழ் இருந்தால் யாரும் கூப்பிட்டுப் பதில் வரவில்லை என்று சந்தேகப்படமாட்டார்கள். "மாமா அந்தக் குமிழ வச்சிட்டாகன்னா வீட்ல எழவு விழுந்தாலும் திரும்ப மாட்டாக" என்று சுருளியம்மாள் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாளாம். தினசரி உபயோகத்துக்கும் அது நல்ல இயர்போன்.

வருடம் போனது. செட்டுக்கு முன்னைவிடக் கிராக்கி. அழகுமலை கூட்டத்துக்குள் சுற்றுவான், யார் முகம் எதைக் கேட்டு மலர்கிறது என்று பார்ப்பான், மைக்கில் என் காதுக்கு மட்டும் சொல்வான். "அண்ணே, பச்ச அட்டத் தட்டு. ரெண்டாவது பாட்டு." நான் போடுவேன். கூட்டம் எழும்பும். அந்த முகங்கள் என்னைப் பார்க்கவில்லை என்பதை நான் மெல்லத்தான் கவனித்தேன். அவன் நிற்கும் பக்கமே பார்த்தன. கடைக்கு வருகிறவர்கள், "அழகுமலை இருக்காரா?" என்று உதட்டை அசைத்தார்கள். கூம்பில் இருந்த பெயர் என்னுடையது. நான் பொறாமைப்பட்டேன் என்று நினைப்பீர்கள். இல்லை. தம்பி பெயர் வாங்கினால் அண்ணனுக்குத்தானே பெருமை.

எண்பத்துமூன்று வைகாசியில் குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் காளியம்மன் பொங்கல். ஜீப்பில் செட்டை ஏற்றிக்கொண்டு போனோம். சாமி கும்பிடுகிற இடம் தோட்டத்துக் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளுக்கும் ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோருக்கும் நடுவே இருந்த மேடு. மத்தியானத்துக்குமேல் மேகம் இறங்கி எல்லாம் நனைந்திருந்தது. தோட்டத்து ஜெனரேட்டர் ஸ்டோரில் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து லைட்டுக்குக் கரண்டு எடுத்து, மெயின் சுவிட்சை என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கட்டையில் அடித்திருந்தான் அழகுமலை. செட்டுக்கு எங்கள் பேட்டரி. பொங்கல் வைக்கிற நேரம் வரை பாட்டு வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். சாவி என் காதுப்பக்கம் திரும்பியிருந்தது.

அவன் மைக்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வயர்ச்சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். ஸ்டோர் முனையில் மொக்கையன் கங்காணி அவனை நிறுத்தினார். அந்தத் தோட்டத்தில் திருவிழாவை முன்னின்று நடத்துகிறவர் அவர். இருவரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். மைக் கழுத்தில் இருப்பதை அழகுமலை மறந்துவிட்டான் என்று நினைக்கிறேன்.

"தம்பி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிறாத. அடுத்த வருசம் நீ மட்டும் வந்து செட்டுல ஒக்காரு. ஒங்கண்ணன் எதுக்கு? காலையில வந்ததுல இருந்து நான் மூணு தடவ கூப்ட்டுப் பாத்துட்டேன், கல்லுப் பிள்ளையாரு மாதிரி இருக்காரு. அம்புட்டுத் திமிரா?"

"திமிரு இல்லண்ணே." அவன் தயங்கியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. மூச்சுகூடக் கேட்டது. "அவருக்குக் காது போச்சு. ஒங்க வாயோட வச்சுக்கங்க. யாருக்கும் தெரியாது."

"அட ஆத்தா. செவிடனா செட்டு போடுறான்?"

"அப்பிடிச் சொல்லாதீங்க. அவருதான் என்னைய வளத்தாரு. அவரு பாட்டுக்குச் சோளக்காட்டுப் பொம்ம மாதிரி ஒக்காந்துட்டுப் போறாரு. ஒக்காந்திருந்தாப் போதும், நான் பாத்துக்கிறேன். அந்த எடம் இல்லன்னா மனுசன் செத்துருவாரு."

"சாரமில்ல, சாரமில்ல. நான் யாருட்டச் சொல்லப் போறேன்" என்றார் மொக்கையன். மலைக்கு மேலே கேரளத்தாரோடு பழகிப் பழகி, பரவாயில்லை என்பதற்கு அவருக்கு அந்தப் பேச்சு. சொல்லிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குனிகிற மரியாதை இல்லை. விளையாட்டுப் பொருளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பொங்கல் முடிவதற்குள் தோட்டத்துக்கே தெரியும், ஜீப் இறங்குவதற்குள் போடிக்குத் தெரியும் என்று எனக்குத் தோன்றியது.

எனக்குக் கோபம் வரவில்லை. யோசித்தேன், அவ்வளவுதான். அவன் என்னைக் காப்பாற்றத்தான் பேசினான் என்பதும் புரிந்தது. ஆனால் பொம்மை என்றுதான் சொன்னான். பல வருடத்துக்குப்பின் நான் முழுசாகக் கேட்கக் கற்றுக்கொண்டது அவன் குரலை. அந்தக் குரலில் அதைக் கேட்டேன்.

நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மேட்டின் ஓரத்தில் ஒரு சவுக்கு மரம். அதில் ஏறி, லயன் பக்கத்திலிருந்து வந்த லைட் வயரை இந்தப் பக்கத்து வயரோடு சேர்க்கப் போனான். மரம் ஈரமாக இருந்தது. அவன் வழக்கம்போலப் பல்லால் வயர்த்தோலைச் சீவினான். மொக்கையன் என் பக்கத்தில் வந்து நின்று, இப்போது விஷயம் தெரிந்தவராக, என் முகத்துக்கு நேரே வாயை அகலமாகத் திறந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் மெயின் சுவிட்சைப் போட்டேன். லைட்டுகள் எல்லாம் எரிந்தன. அழகுமலை மரத்திலிருந்து விழுந்தான்.

போலீசார் வந்தார்கள். நான் அவர்களிடம் சொன்னது: "ஐயா, எனக்குக் காது கேக்காது. வேல முடிஞ்சிருச்சுன்னு நெனச்சுப் போட்டுட்டேன். அவன் மேலருந்து சொன்னது எனக்கு விழுகல." இன்ஸ்பெக்டர் என் பின்னால் போய் ஒரு தாம்பாளத்தைத் தட்டிப் பார்த்தாராம். நான் அசையவில்லை. உண்மையிலேயே எனக்கு அது கேட்கவில்லை. மொக்கையன் கண்ணீரோடு சாட்சி சொன்னார். தம்பியே தன்னிடம் ஒத்துக்கொண்டான், பாவம் இந்தச் செவிட்டு மனுசன் என்ன செய்வார் என்றார். மதுரையில் டாக்டர் கருவி வைத்துப் பார்த்து, இரண்டு காதும் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்தார். எல்லாம் உண்மை. நான் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, ஒன்றைத் தவிர.

காதில் இருந்த குமிழை எல்லோரும் பார்த்தார்கள். பாட்டுக் கேட்கிற குமிழ் என்று நினைத்தார்கள். செவிடனுக்கு எதற்குப் பாட்டுக் குமிழ் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவன் கழுத்தில் இருந்த மைக்கையும் பார்த்தார்கள். அவன் கத்தியதாக யாரும் சொல்லவில்லை. வாய் அசைந்தது, ஜெனரேட்டர் இரைச்சலில் கேட்கவில்லை என்றார்கள். நான் கையைத் தூக்கியதை மொக்கையன் பார்த்தார். சாமிக்குக் கும்பிடு போட்டதாக நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு யாரும் என்னைச் செட்டுக்குக் கூப்பிடவில்லை. செவிடன் என்று நானே போலீசில் சொன்ன பிறகு யார் கூப்பிடுவார்கள்? இதை அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. அதுதான் நான் செய்த பிசகு. கூம்புகளை யாரோ வாங்கிப்போய் என் பெயரை அழித்துவிட்டு அவர்கள் பெயரை எழுதிக்கொண்டார்கள். என்னைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் கத்திப் பேசுகிறார்கள். கத்தும்போது மனிதர்களின் முகம் அசிங்கமாக ஆகிறது. உதடும் புரிவதில்லை. மெதுவாகப் பேசத் தெரிந்தவன் ஒருவன்தான் இருந்தான். அவனை நினைக்காத நாள் இல்லை. வலது காது சில சமயம் தானாகவே குறுகுறுக்கிறது.

சுருளியம்மாள் என்னைத் தள்ளிவைக்கவில்லை. இன்றைக்கும் அவள்தான் எனக்குச் சோறு போடுகிறாள். "சாப்பிட வாங்க மாமா" என்பதைக் கையால் காட்டுவாள். அவள் மனத்தில் இருந்த குறை ஒன்றுதான் என்று அக்கம்பக்கத்தார் எழுதிக் காட்டினார்கள். புருசன் கடைசியாக என்ன சொன்னான் என்பது யாருக்கும் தெரியாமல் போய்விட்டதே என்ற குறை. "அவுக வாய் அசஞ்சுச்சுன்னு எல்லாரும் சொல்றாகளே, என்ன சொன்னாகன்னு ஒரு சனத்துக்குத் தெரியலையே" என்று அழுவாளாம்.

அவன் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன்.

"அண்ணே, ரெண்டு வயரும் எங்கையிலதான் இருக்கு. சுவிச்சத் தொட்டுராதீங்க. கேட்டுச்சுன்னா கையத் தூக்குங்க."

நான் வலது கையைத் தூக்கினேன். அவன் பார்த்தான். தலையாட்டினான். வயரை முறுக்கிக்கொண்டே பேசினான்.

"வெரசா முடிச்சுருவேன். பசிக்குதாண்ணே? சுருளி புளிச்சோறு கட்டிக் குடுத்திருக்கா. ஒங்களுக்குப் பிடிக்கும்னு தொவையலு தனியா வச்சிருக்கா. நீங்க மொதல்ல சாப்பிடுங்க, நான் அப்புறம்..."

அந்த இடத்தில்தான் இடது கையால் சுவிட்சைப் போட்டேன். வலது கை இன்னும் இறங்கவில்லை. என் காதுக்குள் ஒரு சத்தம் வந்தது, பிறகு வரவில்லை. ஒரு முழம் தள்ளி நின்ற மொக்கையனுக்கு ஓர் எழுத்துகூடக் கேட்கவில்லை. அவ்வளவு நல்ல இயர்போன் அது.

சுருளியம்மாள் அந்தத் தோட்டத்துக்கு ஜீப் பிடித்துப் போய், லயன் லயனாக ஏறி இறங்கி, அன்றைக்கு அங்கே நின்றிருந்த ஒவ்வொருவரிடமும் அவன் என்ன சொன்னான் என்று விசாரித்துவிட்டு வந்தாள். என்னிடம் மட்டும் அவள் விசாரிக்கவே இல்லை. விசாரித்திருந்தால் நான் மறைத்திருக்கமாட்டேன்.